முதல் சைக்கிள்: டவுன் கடையிலா, ஆன்லைனிலா? வித்தியாசம் 2,700 ரூபாய்

சிறுமலைக்கனவு (திண்டுக்கல்), நவம்பர் 3

எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே படிப்பதோடு சரி, இதுதான் முதல் பதிவு. வயது 38, உயரம் 176 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. கல்லூரி முடிந்ததோடு சைக்கிளை விட்டவன். அப்புறம் பைக், அப்புறம் தொப்பை. போன மாதம் டாக்டர் "சர்க்கரை எல்லையில் நிக்குது" என்று சொன்னதும் சைக்கிள் நினைப்பு வந்துவிட்டது. ஆபீஸ் செம்பட்டி ரோட்டில் 7 கிலோமீட்டர். என்றைக்காவது ஒரு நாள் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவையும் மிதித்தே ஏறிவிட வேண்டும் என்று ஒரு ஆசையும் உண்டு. சிரிக்காதீர்கள்.

ஆன்லைனில் ஒன்று பார்த்தேன். 21 கியர், முன்னால் சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 11,499 ரூபாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஏறக்குறைய அதே அம்சங்களோடு வேறு கம்பெனி வண்டி 14,200 சொல்கிறார்கள். கடையில் ஸ்டாக் இல்லை, மதுரையிலிருந்து எடுத்துத் தர வேண்டுமாம். "அதே சாமானுக்கு எதுக்கு 2,700 கூடக் கொடுக்கணும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?


கோவைமிதி (கோயம்புத்தூர்), நவம்பர் 3

வாங்க நண்பரே. ஆன்லைன்தான், யோசிக்கவே வேண்டாம். நான் 2020 லாக்டவுனில் வாங்கினேன். அப்போது ஊரில் எந்தக் கடையிலும் கியர் வண்டி இல்லை, கேட்டால் "பேர் எழுதிட்டுப் போங்க" என்பார்கள். பெட்டி வந்தது, கூடவே ஒரு பொட்டலத்தில் ஆலன் கீ வந்தது, இரண்டு வீடியோ பார்த்தேன், ஒன்றரை மணி நேரத்தில் வண்டி தயார். அதே வண்டியில் இப்போதும் ஞாயிறு தவறாமல் மருதமலை அடிவாரம் வரை போய் வருகிறேன். மிச்சமாகும் 2,700-ல் நல்ல ஹெல்மெட்டும் லைட்டும் வாங்கிவிடலாம்.


பட்டறைவீடு (கும்பகோணம்), நவம்பர் 4

நான் சைக்கிள் கடை வீட்டுப் பெண். அப்பாவின் கடையை இப்போது தம்பியும் நானும் பார்த்துக்கொள்கிறோம். அதனால் நான் கடைக்குத்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்.

ஆன்லைன் பக்கத்தில் "85 சதவீதம் பூட்டியது" என்று போட்டிருக்கும். மிச்சம் 15-ல் என்னென்ன வருகிறது? ஹேண்டில், முன் வீல், பெடல், சீட், பிரேக். கழன்றால் பல்லை உடைக்கிற அத்தனையும் அந்தப் பதினைந்துக்குள்தான் இருக்கிறது.

போன மாதம் ஒருவர் மகன் வண்டியை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். இடது பெடல் கோணலாக நின்றது. என்ன நடந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வலது பெடலை இடது பக்கம் வைத்திருக்கிறார். கையால் ஏறவில்லை. இறுக்கினால் ஏறிவிடும் என்று ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி அழுத்தியிருக்கிறார். ஏறத்தான் செய்தது, பெடல் மாட்டுகிற கிராங்கின் மரையைத் தின்றுகொண்டே. அலுமினியக் கிராங்க், இரும்புப் பெடல். யார் ஜெயிப்பார்கள்? கிராங்கை மாற்றி, கூலியும் சேர்த்து 900 ஆனது.

இடது பெடலுக்கு எதிர் மரை. நேர் மரையாக இருந்தால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும், அதனால் அப்படி வைத்திருக்கிறார்கள். பெடல் தண்டின் நுனியில் 'எல்', 'ஆர்' என்று பொறித்திருக்கும். இரண்டு பக்கமும் ஸ்பேனரை மேலிருந்து முன் வீல் பக்கமாகத் திருப்பினால் இறுகும், பின் வீல் பக்கம் திருப்பினால் கழலும். முதல் நாலைந்து சுற்று கையாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் தப்பான பெடல், இல்லை கோணலாக வைத்திருக்கிறீர்கள். ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

அடுத்தது முன் வீலைப் பிடித்திருக்கிற ஃபோர்க். பெட்டியில் இடம் பிடிக்காமல் இருக்க அதைப் பின்னால் திருப்பித்தான் அடைப்பார்கள். நிறையப் பேர் அதை அப்படியே வைத்து ஹேண்டிலை மட்டும் நேராக்கிவிடுகிறார்கள். தெருவில் போகிற வண்டிகளைப் பாருங்கள், பத்து நாளில் ஒன்றாவது கண்ணில் படும். டிஸ்க் வண்டியென்றால் முன் பிரேக்கில் தட்டைக் கவ்வுகிற காலிப்பர், ஓட்டுகிறவருக்கு இடது பக்கத்தில் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது. வளைக்கும்போது ஷூ நுனி முன் டயரில் இடிக்கும், பிரேக் போட்டால் ஆடும்.

இதையெல்லாம் பார்த்துப் பூட்டுவதற்கு எங்கள் பட்டறையில் கியர் வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. உங்கள் 2,700-ல் அந்த இரண்டு மணி நேரமும் இருக்கிறது.


கோவைமிதி (கோயம்புத்தூர்), நவம்பர் 4

அக்கா பயமுறுத்துகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கு எல், ஆர் பார்க்கவா தெரியாது?


பட்டறைவீடு (கும்பகோணம்), நவம்பர் 4

ஆட்டோவில் வந்தவர் பள்ளிக்கூடத்து ஹெச்.எம். தம்பி.


அஞ்சடிக்காரி (சென்னை), நவம்பர் 4

பெடல் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நண்பரே, அந்த ஆன்லைன் வண்டியின் பிரேம் அளவு என்ன?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. நான் 152 சென்டிமீட்டர். முதல் சைக்கிளை ஆன்லைனில், படத்தைப் பார்த்து வாங்கினேன். சீட்டை அடிவரை இறக்கியும் நிறுத்தினால் கால் தரைக்கு எட்டவில்லை. சிக்னலில் பிளாட்பார ஓரம் பார்த்துத்தான் நிற்பேன். நாலு மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

ஆனால் கடையைத் தலையில் தூக்கிவைக்கவும் என்னால் முடியாது. அடுத்த தடவை கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் "லேடீஸ் வண்டி அந்தப் பக்கம்மா" என்று கூடை வைத்த வண்டிகளைக் காட்டினார்கள். கியர் வண்டி என்றேன். "சாருக்கா?" என்றார்கள். ஓட்டிப் பார்க்கலாமா என்றால், "புது வண்டி, டயர் அழுக்காயிடும்". இன்னொரு கடையில் ஓட்டத் தந்தார்கள், காற்றே இல்லாத டயரோடு. கடைசியில் நான் வாங்கியது மறுபடியும் ஆன்லைனில்தான். ஆனால் இந்தத் தடவை கம்பெனியின் சொந்தத் தளத்தில். அங்கே எஸ், எம், எல் என்று ஒவ்வொரு பிரேமுக்கும் எத்தனை உயரத்துக்காரர், நடுக்கம்பி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அட்டவணையே இருந்தது. எஸ் எடுத்தேன், மூன்று வருடமாக அதில்தான் வேலைக்குப் போகிறேன்.

ஓட்டிப் பார்க்க விடாத கடையும் ஆன்லைன் மாதிரிதான். பார்க்கிங் கட்டணம் மட்டும் கூடுதல்.


சிறுமலைக்கனவு (திண்டுக்கல்), நவம்பர் 5

அந்தப் பக்கத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். "27.5டி" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதுதானே அளவு? கீழே "12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும்" என்று இருக்கிறது.


அஞ்சடிக்காரி (சென்னை), நவம்பர் 5

அது டயர் விட்டம் அண்ணா! 26, 27.5, 29 எல்லாமே வீல் அளவு. ஆளுக்குப் பொருந்த வேண்டியது பிரேம். ஒரே 27.5 வீலில் 15 இஞ்ச் பிரேமும் வரும், 19 இஞ்ச் பிரேமும் வரும். 12 வயதுப் பையனுக்கும் 176 சென்டிமீட்டர் ஆளுக்கும் ஒரே சட்டை பொருந்துமா?

ஒரு வேலை செய்யுங்கள். செருப்பில்லாமல் சுவரோரம் நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில், சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அந்த அளவு மேலே தூக்கிப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள். வண்டிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால் நடுக்கம்பிக்கும் உங்களுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நாலு விரல் இடைவெளி வேண்டும். மலை ஏறுகிற மாதிரி வண்டியென்றால் இன்னும் கொஞ்சம் கூட.


பழைய ஹெர்குலஸ் (காரைக்குடி), நவம்பர் 5

தம்பிகளா, நாங்கள் எல்லாம் மணிக்கு வாடகை கொடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். அளவாவது ஒன்றாவது.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெட்டியில் வருவதை ஏதோ புது வழக்கம் மாதிரிப் பேசுகிறீர்கள். அம்பத்தூரில் ஹெர்குலஸ் வண்டி செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் ஆரம்பித்தது. எனக்கு நினைவு தெரிந்து ஹெர்குலஸ் ஆகட்டும், லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ ஆகட்டும், கடைக்கு முழு வண்டியாக வந்ததே இல்லை. பிரேம் தனி, ரிம் தனி, போக்கம்பி கட்டுக்கட்டாகத் தனி. எங்கள் ஊர்க் கடையில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து ரிம்மில் போக்கம்பி கோத்துக்கொண்டே இருப்பார். கோத்து முடித்து வீலைச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸை ரிம் ஓரத்தில் காட்டுவார். கோடு விழுகிற இடத்தில் கோட்டம். அந்த இடத்துக் கம்பியை ஒரு சுற்று, எதிர்க் கம்பியை அரைச் சுற்று. மறுபடி சுற்றுவார். கோடு விழாத வரை வண்டி வெளியே வராது. வாங்க வந்தவன் காப்பி குடித்துவிட்டு வந்து காத்திருப்பான்.

பெட்டி அன்றைக்கும் வந்தது, இன்றைக்கும் வருகிறது. அன்றைக்கு அதைப் பிரித்தவர் அந்தப் பெரியவர். இன்றைக்கு யார் பிரிக்கிறார்கள்?


பில் எங்கே (சேலம்), நவம்பர் 6

கணக்கு ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. கடையில் சொன்ன 14,200 பழைய விலைப் பட்டியலா என்று கேளுங்கள். பழையதென்றால் 1.12 ஆல் வகுத்து 1.05 ஆல் பெருக்குங்கள், 13,312 சொச்சம் வரும். ஸ்டாக் பழையதாக இருந்தாலும் இன்றைக்குப் போடுகிற பில்லுக்கு இன்றைய வரிதான். ஆக உங்கள் 2,700-ல் கிட்டத்தட்ட 900 காணாமல் போகலாம்.

ஆன்லைனில்தான் வாங்குவீர்கள் என்றால் பெட்டியின் ஒட்டுத்தாளைக் காட்டுவதில் ஆரம்பித்து, பிரித்து முடிக்கும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். என் மைத்துனருக்கு வந்த வண்டியில் பிரேமில் ஒடுக்கு. வீடியோ இல்லாததால் "நீங்கள் இடித்தது" என்று சொல்லி ஒரு மாதம் அலைக்கழித்தார்கள்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது.

கடையில் வாங்கினாலும் துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஜிஎஸ்டி பில், அதில் பிரேம் நம்பர். நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும், வண்டியைக் கவிழ்த்தால் தெரியும். வண்டி திருட்டுப் போனால் போலீசில் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.


சில்லு (யாழ்ப்பாணம்), நவம்பர் 6

இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வந்தனான், ஒரு விஷயம் சொல்லவேணும். 2022-இல் இங்கை பெற்றோல் இல்லாமல் போன நேரம் ஊர் முழுக்கத் திரும்பவும் சைக்கிளுக்கு மாறினது. புதுச் சைக்கிள் விலை ஒவ்வொரு கிழமையும் ஏறினது. எங்கடை அப்பா பதினைஞ்சு வருசமாய்க் கொட்டிலுக்குள்ளை சாத்தி வைச்சிருந்த லுமாலா சைக்கிளைத் துடைச்சு எடுத்தவர்.

அப்ப விளங்கினது, சைக்கிள் இருக்கிறது பெரிய விஷயமில்லை, அதைத் திருத்திற ஆள் பக்கத்திலை இருக்கவேணும். எங்கடை சந்தியிலை ஒட்டுப் போடுற ஐயாவிட்டை விடியக் காலமை ஆறு மணிக்கே வரிசை. ரயர், ரியூப் ஒண்டும் இல்லை. அவர் பழைய ரியூபை வெட்டி, இன்னொரு ரியூபுக்கு ஒட்டுப் போட்டுத் தந்தவர். கியர் வைச்ச வெளிநாட்டுச் சைக்கிளோடை வந்தவைக்கு "இதுக்கு என்னட்டைச் சாமான் இல்லை" எண்டு கைவிரிச்சவர். அந்த மூண்டு நாலு மாதமும் லுமாலாதான் ஓடினது.

அதாலை எங்கை வாங்கினாலும், உங்கடை ஊரிலை அதுக்குச் சாமான் கிடைக்குமோ எண்டு முதல் பாருங்கோ.


கோவைமிதி (கோயம்புத்தூர்), நவம்பர் 6

சில்லு அண்ணா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இதை வைத்து உங்கள் வண்டியைப் பார்க்கலாம், சிறுமலை. 21 கியர் என்ற எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21, அவ்வளவுதான். மலைக்கு வேண்டியது முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரமும் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரமும். ஷிமானோ கம்பெனியின் டோர்னி கியர் உள்ள வண்டிகளில் பற்களின் எண்ணிக்கை முன்னால் 42-34-24, பின்னால் 14-28 என்று பரவலாக வரும். 24-ஐயும் 28-ஐயும் போட்டால் ஒரு முழு மிதிக்கு வீல் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாது. நடக்கிற வேகம்தான், ஆனால் ஏறிவிடுவீர்கள். பின்னால் 34 பல் வரை உள்ள ஃப்ரீவீலும் கிடைக்கிறது. உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று கடையில் கேட்டு மாற்றலாம்.

டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான். இந்த விலைக்கு வருவது கேபிளில் இழுக்கிற டிஸ்க். கூரியரில் ரோட்டர் என்கிற அந்தத் தட்டு லேசாக வளைந்தாலும் "சிக் சிக்" என்று உரசிக்கொண்டே வரும். ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிற சாதாரண வி பிரேக்குக்குக் கட்டை எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஆபீஸ் போய்வர அது போதும்.

சரி, ஒரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைவீடு அக்கா, ஜெயித்துவிட்டீர்கள். என் வண்டியில் பெடலெல்லாம் சரியாகத்தான் போட்டேன். ஆனால் ஹேண்டில் ஸ்டெம் போல்ட்டைச் சரியாக இறுக்கவில்லை. நாலாம் நாள் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன், ஹேண்டில் ஒரு பக்கம் பார்க்கிறது, வீல் இன்னொரு பக்கம் பார்க்கிறது. பால் பாக்கெட் போச்சு, முழங்கை போச்சு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.


பட்டறைவீடு (கும்பகோணம்), நவம்பர் 6

😀 இதற்காக ஐந்து வருடம் காத்திருந்திருக்கிறீர்கள்.

சும்மா சொல்லவில்லை, நீங்களே பூட்டக் கற்றுக்கொண்டது நல்ல விஷயம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சீட்டை ஏற்றக்கூடத் தெரியாது. முன் வீலை ஸ்பேனர் இல்லாமல் கழற்றுகிற பிடியை (குயிக் ரிலீஸ்) மூடத் தெரியாமல் வெறுமனே திருகி வைத்துவிட்டு வருகிறார்கள். ஆனால் பூட்டினதும் ஒருமுறை பட்டறையில் காட்டுங்கள். ஆன்லைன் வண்டியென்றால் தொடமாட்டேன் என்று சொல்கிற கடைகள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கூலி வாங்குகிறோம், வேலை செய்கிறோம், வண்டி எங்கே பிறந்தால் என்ன? நாங்கள் பெட்டி வண்டிக்குப் பூட்டுக்கூலி 600 வாங்குகிறோம். கடையில் வாங்கின வண்டிக்கு அது கிடையாது, ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை சும்மா பார்த்துத் தருகிறோம்.

கியர் வண்டிக்கு அந்த மூன்று தடவை கட்டாயம் வேண்டும். புதுக் கேபிள் இரண்டு மூன்று வாரத்தில் தளரும், கியர் குதிக்கும். வாங்கினவர்கள் வண்டியே மோசம் என்று நினைத்துவிடுகிறார்கள். திருகைக் கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.


மட்டுறுத்துநர், நவம்பர் 7

இரண்டு பதிவுகளில் கடைகளின் பெயரும் போன் நம்பரும் இருந்ததால் நீக்கியிருக்கிறேன். புகார் இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள், இங்கே பெயர் வேண்டாம்.


உப்புக்காற்று (தூத்துக்குடி), நவம்பர் 8

தாமதமாக வருகிறேன். நான் இரண்டு விதமாகவும் வாங்கியவன், இரண்டும் துருப்பிடித்தன. கடற்கரை ஊர்க்காரர்கள் எங்கே வாங்கினாலும் முதல் நாளே பெடல் மரையிலும் சீட் கம்பியிலும் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது பேருக்குத்தான் தடவியிருப்பார்கள். திண்டுக்கல்லில் உப்பு இல்லை, புழுதி உண்டு. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், பிசினாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒருவர் ஊற்றினார். யாரென்று சொல்லமாட்டேன்.


சிறுமலைக்கனவு (திண்டுக்கல்), நவம்பர் 9

இன்றைக்குக் கடைக்குப் போய்வந்தேன். விவரமாகச் சொல்கிறேன்.

புத்தக முறையில் அளந்தோம், 81 சென்டிமீட்டர். மகள்தான் டேப் பிடித்தாள், சிரித்துச் சிரித்து மூன்று தடவை அளக்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் அண்ணனிடம் அந்த எண்ணைச் சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார். "யாரும் இதைச் சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க சார்" என்றார். அதுவரை "பாஸ்", அதற்கப்புறம் "சார்".

அவர் மதுரையிலிருந்து எடுப்பதாகச் சொன்ன வண்டியின் பிரேம் 16 இஞ்ச் என்று தெரிந்தது. எனக்குச் சின்னது. அவராகச் சொல்லவில்லை, கேட்டதும்தான் கேட்டலாக்கைத் திறந்து பார்த்தார். அதே மாடலில் 18 இஞ்ச் இருக்கிறது, ஆனால் பத்து நாள் ஆகுமாம். அதே அளவில் வேறு ஒருவர் சர்வீசுக்கு விட்டிருந்த வண்டி கடையில் நின்றது. அவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்று கொடுத்தார். பதினைந்து வருடத்துக்கு அப்புறம் சைக்கிளில் ஏறுகிறேன். பஸ் ஸ்டாண்டு பின்பக்கத் தெருவில் ஒரு சுற்று. முதல் ஐம்பது அடி ஹேண்டில் பாம்பு மாதிரி நெளிந்தது. திரும்பி வரும்போது எனக்குத் தெரியாமலே பெல் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டேன். பட்டியல் பழையதுதான் என்று ஒத்துக்கொண்டார். 13,300-க்கு முடிந்தது, ஸ்டாண்டும் பெல்லும் சேர்த்து. சாவிப் பூட்டுக்குத் தனியாக 250. வி பிரேக் வண்டிதான் சொல்லியிருக்கிறேன். முன்பணம் 2,000 கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். ஆன்லைன் வண்டியோடு பூட்டுக்கூலியையும் சேர்த்தால் வித்தியாசம் 1,200 என்று வீட்டில் கணக்குக் காட்டினேன். "பத்து நாள் காத்திருக்கிறதுக்கு வட்டி?" என்று கேட்டார்கள்.


பில் எங்கே (சேலம்), நவம்பர் 9

வீட்டில் இருப்பவரை இந்த இழைக்கு வரச் சொல்லுங்கள்.


சிறுமலைக்கனவு (திண்டுக்கல்), டிசம்பர் 12

ஒரு மாதம் கழித்து வருகிறேன். வண்டி பத்து நாள் என்றார், பதினாலு நாளில் வந்தது. அவர் பூட்டும்போது கூடவே உட்கார்ந்து பார்த்தேன். இடது பெடலை எடுத்ததும் "எதிர் மரைதானே?" என்று கேட்டுவிட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். சீட் உயரத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டோம். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக நிற்க வேண்டும் என்று பார்த்து வைத்தார். முதலில் உயரமாகத் தோன்றியது, இப்போது பழகிவிட்டது.

வாரத்தில் நாலு நாள் ஆபீசுக்கு வண்டிதான். 7 கிலோமீட்டருக்கு முதலில் 40 நிமிடம், இப்போது 27. இரண்டாவது வாரம் கியர் குதித்தது. அக்கா சொல்லியிருந்ததால் பதறவில்லை. கடைக்குப் போனேன், ஒரு திருகு, ஒரு நிமிடம், காசு வாங்கவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். மழையில் ஆபீஸ் போனால் பின்டயர் சேறு முதுகில் நேராக ஒரு கோடு போட்டுவிடுகிறது. அதனால் மட்கார்டு ஒன்று வாங்கினேன். அவசரத்தில் ஆன்லைனில் போட்டுவிட்டேன், 349 ரூபாய். நேற்று வந்தது. எப்படி மாட்டினாலும் டயரில் உரசுகிறது. கடைக்கார அண்ணனிடம் கொண்டுபோனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே சார்" என்று மட்டும் சொன்னார். என்ன தப்பு செய்தேன்?


அஞ்சடிக்காரி (சென்னை), டிசம்பர் 12

எந்த வீலுக்கு என்று போட்டிருக்கிறது?


சிறுமலைக்கனவு (திண்டுக்கல்), டிசம்பர் 12

இருங்கள், அட்டையைப் பார்க்கிறேன்.

26.